இடது கண்ணில் பறந்த ஈ

உனக்கு இடது கண் தெரியாது. அதை மறைத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ குத்துச்சண்டை மேடை ஏறப்போகிறாய். உன் எதிரில் நிற்கப்போகிற சென்னைக்காரனிடம் இதை நீ சொல்லவில்லை, உன் மாஸ்டரிடம் சொல்லவில்லை, என்னிடமும் நீயாகச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துக் கேட்டபோது "லேசா மங்கல், அவ்வளவுதாம்மா" என்றாய். அது பொய்.

இந்தக் கடிதத்தை மடித்து ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் போனில் நான் சொன்னதற்கெல்லாம் "சரிம்மா, பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். இப்போது எடுப்பதும் இல்லை. உன்னைப் பற்றிப் பேசுவதற்கு நம் ஊரில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டதில்லை. டீக்கடையில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள், கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை பேசினார்கள். எல்லோர் காதிலும் விழும்படி உன் தோல்வியைப் பேச அவர்களுக்கு உரிமை இருந்தால், எல்லோர் கண்ணிலும் படும்படி உன் கண்ணைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வராமல் இருக்கிற மகனை நான் தாங்கிக்கொள்வேன்.

கோழிப்பண்ணையில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிவர நான்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்பது உனக்குத் தெரியும். கடையில் டீ ஊற்றி முடிக்கிற வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் மூன்று வருடமாக ஒரே வழக்குதான் நடக்கிறது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிற கந்தசாமி அண்ணன் ஒரு கட்சி, டயர் கடை ஜபார் பாய் எதிர்க்கட்சி. போன வாரம் உன் படம் போட்ட பிளக்ஸ் கடைக்கு எதிரிலேயே கட்டப்பட்டதும் வழக்கு மறுபடி சூடு பிடித்துவிட்டது.

"அவன் ஊதிவிட்ட டியூப்புங்க பாய். காத்து இருந்த வரைக்கும் உருண்டுச்சு. எதுத்தாப்புல நின்னதெல்லாம் நோஞ்சான் பசங்க. நல்ல ஆளா ஒருத்தன் வந்தான், புஸ்ஸுன்னு போச்சு."

"டியூப்பைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்கண்ணா, அது எம்பட தொழிலு. அந்தக் கை ஆண்டவன் குடுத்த கை. ஆத்தூர்ல அந்தப் பையன் விழுந்த சத்தம் இன்னும் எங்காதுல இருக்குது. கையைக் குடுத்தவன் புத்தியைக் குடுக்கலை, அதான். ஓடுன்னா ஓட மாட்டான், காலைல எந்திரின்னா எந்திரிக்க மாட்டான். எங்கியோ போயிருக்க வேண்டிய பையன், இன்னைக்கு சேலத்துல ஜிம்முல இரும்பு தொடைச்சுட்டு நிக்கறான்."

"அடி மட்டும் இருந்தாப் போதுமுங்களா? மாடு கூடத்தான் முட்டுது."

"மாட்டுக்கு மெடல் குடுத்தாங்களா?"

"கேட்டாக் குடுத்துப்போடுவாங்க. அங்க இருக்கறவங்களும் நம்மாளுகதான?"

கடை முழுக்கச் சிரிப்பு. நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "ஏனுங்கண்ணா, உங்களை யாராச்சும் மூஞ்சியில ஒரு தடவையாச்சும் குத்தியிருக்காங்களா?"

"எதுக்கு சாமி கேக்கற?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"கலியாணமான புதுசுல உங்க அக்கா ஒருக்கா கரண்டியைத் தூக்கி வீசுனா. அதைக் கணக்குல சேக்கலாங்களா?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். உன் முதல் மெடலுக்குப் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டுப் பட்டாசு வெடித்தவர். அடி வாங்காத ஒருவர் அடி வாங்கினவனைப் பற்றி எவ்வளவு சுலபமாகப் பேசிவிட முடிகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் உன் அம்மா, உன் ரசிகர் மன்றம் இல்லை. உன்னை ஊர் கொஞ்சம் அதிகமாகத்தான் தூக்கிவைத்தது. உன் வெற்றிகளில் சில, எதிராளி வராமல் போனதால் கிடைத்தவை. சிலவற்றில் எதிரில் இருந்தவன் உன் பெயரைக் கேட்டே பாதி தோற்றுப்போய் வந்திருந்தான். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாறையில் இறங்குகிற மாதிரி அடிக்கிறாய் என்று யாரோ சொல்ல, "ரிக்" என்று உனக்குப் பட்டம் வைத்து மேடைக்கு மேடை கத்தினார்கள். நீயும் அதை நம்பினாய். ஒரே அடியில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து மூன்றாவது ரவுண்டுக்கு மூச்சை மிச்சம் வைக்காமல் நின்றாய். காலையில் எழுந்து ஓட மாட்டாய் என்று பாய் சொல்வதும் நிஜம். மாஸ்டர் வாசலில் வந்து வண்டி ஹாரன் அடிக்க, நீ போர்வைக்குள் இருக்க, நான் வெளியே போய்ப் "பையனுக்குக் காச்சலுங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஆக, கந்தசாமி அண்ணன் சொல்வது பாதி சரி, பாய் சொல்வதும் பாதி சரி. இரண்டு பாதியையும் சேர்த்தால் முழு உண்மை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உன்னை யார் ஹெவிவெயிட் ஆக்கியது என்று அந்தக் கடையில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நீ பிறந்தது அந்த உடம்போடு இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கிறபோது என் வளையல் உன் மணிக்கட்டில் ஏறும், போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். லீவு நாட்களில் பண்ணையில் தீவன மூட்டை இறக்கி இறக்கி உனக்குத் தோளிலும் முதுகிலும் ஒரு வலு வந்தது. அந்த அடி அங்கிருந்து வந்தது, அதில் கலப்படம் இல்லை. ஆனால் மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "எழுவத்தஞ்சு கிலோவுல நிக்க எடமில்லைங்க. அத்தனை பசங்களும் அங்கதான் அடிச்சுக்கறாங்க. மேல ஹெவியில நம்ம மாநிலத்துல ஆளே இல்லை. பையனைக் கொஞ்சம் ஏத்திவிட்டாப் போதும். மெடல் வந்துரும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வந்துரும்." வேலை என்ற சொல்லைக் கேட்டதும் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பண்ணை முதலாளிக்குச் செய்தி போனது. "நாமக்கல்லுல முட்டைக்கா பஞ்சம்?" என்றார். கீறல் விட்டு லாரியில் ஏற்ற முடியாத முட்டைகளைத் தினமும் அட்டையோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நான் அவித்தேன். நீ தின்றாய்.

வேறு ஊராக இருந்தால் இப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இங்கே நாங்கள் குஞ்சை இறக்கி, தீவனம் போட்டு, எடை பார்த்து, அனுப்பியே பழகியவர்கள். தீவனம் ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் விலை ஏறும். பிள்ளைக்கும் அதே கணக்கு. உன்னைத் தராசில் ஏற்றி நிறுத்தி முதலாளி கைதட்டிய அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சதை ஏறியது. மணிக்கட்டு அப்படியே இருந்தது, கழுத்து அப்படியே இருந்தது, கண் குழி அப்படியே இருந்தது. அந்த எடைக்கென்றே பிறந்து வளர்ந்த ஆட்கள் வடக்கே இருந்தார்கள். அவர்கள் அடியைத் தாங்க உன் எலும்புக்கு யார் முட்டை கொடுத்தது?

ஆத்தூரில் நீ அந்தப் பையனை விழவைத்த அன்று நானும் இருந்தேன். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவருடைய மகன். நீ தீவன மூட்டை, அவன் அரிசி மூட்டை. அவன் விழுந்ததும் ஊரே எழுந்து நின்றது, நானும் எழுந்து நின்றேன், தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். அப்புறம்தான் மேடைக்கு முன்னால் பார்த்தேன். முன்வரிசை சோபாவில் ஒருவர் மாற்றி ஒருவர் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்குள் நிற்பதற்கு அவர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் வரவில்லை. விழுந்த பையனைத் தூக்கிவிட அவன் அப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார், செருப்பை வெளியே கழற்றிவிட்டு. கோயிலுக்குள் போகிற மாதிரி. அந்தச் செருப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்கு அடுத்த வருடம் நீ வடக்கே போய் ஆடிவிட்டு வந்தாய். இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றாய். இடது கண் புடைத்து, மூடி, நாவல்பழ நிறத்தில் வந்தாய். கூடப் போனவர்கள் ஐஸ் வைத்தார்களாம், ரயில் ஏற்றிவிட்டார்களாம். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. நல்லாகிவிட்டது என்று நினைத்தோம். அந்த மாதம் முழுக்க நீ சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இடது கையால் முகத்துக்குப் பக்கத்தில் எதையோ விரட்டிக்கொண்டே இருந்தாய்.

"என்ன சாமி?"

"ஈ பறக்குதும்மா. இந்தப் பக்கமே சுத்துது."

நம் ஊரில் ஈ பறக்கிறது என்று சொன்னால் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? வீட்டுக்குப் பின்னால் பண்ணை, முன்னால் பண்ணை. ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் ஒரு கையில் சாப்பிட்டு ஒரு கையில் ஈ ஓட்டுகிற ஊர் இது. நான் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். துண்டை எடுத்து உன் தலைக்கு மேல் வீசினேன். கடையில் ஈ மருந்து வாங்கிவந்து மூலைக்கு மூலை வைத்தேன். நீ சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய் அறை எடுத்துத் தங்கிய பிறகு ஒருநாள் போனில், "இங்கயும் ஈ வருதும்மா" என்றாய். மலையடிவாரத்தில், பண்ணையே இல்லாத இடத்தில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்மூரு ஈ பஸ் ஏறி உம்பின்னாலயே வந்துருச்சாட்ட இருக்குது" என்றேன். நீயும் சிரித்தாய்.

பிறகுதான் மாநில இறுதிப் போட்டி வந்தது. இதே சென்னைக்காரன். ஊர் மூன்று வருடமாக மென்றுகொண்டிருக்கிற ஆட்டம் அதுதான். முதல் ரவுண்டிலிருந்தே நீ முகத்தை இடது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாய். மாஸ்டர் மூலையிலிருந்து "நேராப் பாருடா, இடக்கையை ஏத்துடா" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவன் வலது கை வந்தது, நீ பார்க்கவில்லை. மறுபடி வந்தது, பார்க்கவில்லை. உன் வலது கை ஒரே ஒரு தடவை முழுசாகப் போனது, அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போனது. இரண்டாவது ரவுண்டில் நீ விழுந்தாய். முகத்தைத் திருப்பி நின்றது பயம் என்று கந்தசாமி அண்ணன் சொன்னார். பயிற்சி பண்ணாத திமிர் என்று பாய் சொன்னார். நீ தெரிகிற கண்ணை முன்னால் கொண்டுவருவதற்காகத் தலையைத் திருப்பினாய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெற்றவளுக்கும் தோன்றவில்லை.

எனக்கு அது தெரியவந்தது போன மாதம். முட்டை அட்டையில் ஒட்டுகிற சீட்டு எழுத்து மங்குகிறது என்று பள்ளிபாளையத்தில் நடந்த கண் முகாமுக்குப் போயிருந்தேன். சின்னப் பெண்ணாக ஒரு நர்ஸ் வரிசையாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்தது. "ஏனுங்க்கா, கண்ணு முன்னாடி ஈ, கொசு பறக்கற மாதிரி தெரியுதுங்களா?"

"நாங்க கோழிப்பண்ணைங்க கண்ணு. ஈ பறக்காம இருந்தாத்தான் அதிசயம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நெச ஈ இல்லீங்க்கா. கையில வெரட்டுனாலும் போகாத ஈ."

அந்தப் பெண் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை. உன் இடது கை தட்டுக்குப் பக்கத்தில் விரட்டி விரட்டி ஓய்ந்ததுதான் முன்னால் வந்து நின்றது. என் முறை வந்ததும் டாக்டரிடம் என் கண்ணை விட்டுவிட்டு உன் கண்ணைக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடிபட்ட கண் என்றால் உள்ளே இருக்கிற திரை கிழிந்திருக்கலாம், பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, அன்றைக்கே வந்திருக்க வேண்டும், இனிமேலாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அதுவரை தலையில் அடி படக் கூடாது என்றார். "பையன் என்ன பண்றாரு?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

அடுத்த வாரம் நீ அழைப்பிதழோடு வந்தாய். முதலாளி புதுசாகக் கட்டிய மண்டபத்தின் திறப்பு விழா, அதில் உனக்கும் அந்தச் சென்னைக்காரனுக்கும் ஆட்டம். கிளம்பும்போது எப்போதும்போல் சாமி படத்துக்கு முன்னால் நின்றாய். நான் திருநீறு எடுத்துக்கொண்டு எப்போதும் வருகிற வலது பக்கம் வராமல் இடது பக்கமாக வந்தேன். கையை மெதுவாகக் கொண்டுவரவில்லை, வேண்டுமென்றே வேகமாகக் கொண்டுவந்தேன். அடி வாங்கிப் பழகியவன் எதிராளியின் தோள் அசைவதற்கு முன்பே இமைப்பான். என் விரல் உன் நெற்றியில் படுகிற வரைக்கும் உன் இமை அசையவில்லை. பட்ட பிறகுதான் உனக்குத் தூக்கிப்போட்டது.

"எத்தனை நாளாத் தெரியலை?" என்றேன்.

"என்னதும்மா?"

"கண்ணு."

நீ அழைப்பிதழை மடித்தாய், பிரித்தாய். "லேசா மங்கல். அவ்வளவுதாம்மா."

"டாக்டர்கிட்டப் போலாம் வா. இன்னைக்கே."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். ஊரு ரெண்டா நின்னுட்டுப் பேசுதும்மா. ஒருக்கா, ஒரே ஒருக்கா அவனைப் படுக்க வெச்சுட்டா அத்தனை வாயும் மூடிக்கும். பொறவு நீ கூப்புடற எடத்துக்கு வாரேன்."

"கந்தசாமி அண்ணன் வாயை மூடறதுக்கு உன்ற கண்ணைக் குடுப்பியா?"

"நீ வேற. அவரு வாயி மட்டுமா?"

"மெடிக்கல்ல எப்படித் தேறுவே?"

அப்போதுதான் நீ சிரித்தாய். "அப்பா வழிதான்" என்றாய்.

அப்பா வழி என்ன என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிற லாரி டிரைவர்கள் கண் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவன் அட்டையில் இருக்கிற எழுத்தைச் சத்தமாகப் படிப்பான். பின்னால் நிற்பவன் அதைக் காதில் வாங்கி மனப்பாடம் பண்ணிக்கொள்வான். தன் முறை வந்ததும் கண்ணைச் சுருக்கி, யோசிக்கிற மாதிரி பாவனை செய்து, ஒப்பிப்பான். உன் அப்பா லாரி ஓட்டப் போன வெளியூர் லைனில் இருந்து வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் சோற்றுக்கு உட்கார்ந்து இதை நடித்துக் காட்டுவார், நாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்த ஆள் ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சத்தில் எதைப் பார்த்து ஓட்டுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. இல்லாதவர்கள் வீட்டில் தந்திரம்தான் சொத்தாக வருகிறது. நீ அதை வாங்கிக்கொண்டுபோய்க் குத்துச்சண்டை மேடைக்குப் பயன்படுத்துகிறாய். அட்டையில் இருக்கிற எழுத்து ஓடாது, சாமி. அவன் கை ஓடிவரும்.

அன்று சாயந்திரமே உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். வண்டி எங்கேயோ வடக்கே சுங்கச்சாவடியில் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "ஒத்தைக் கண்ணுல எத்தனை பேரு லாரியே ஓட்டறான் தெரியுமா உனக்கு?" என்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது. "அவன் வேண்டாம்னா நானும் வேண்டாங்கறேன். அவங்கிட்ட நீ பேசு" என்று வைத்துவிட்டார். உன்னிடம் பேசும் தைரியம் அவருக்கு இல்லை. நீ தோற்ற அன்று முதலாளி முன்னால் தலை குனிந்து நின்றவர் அவர்தான்.

முதலாளியிடமும் போனேன். ஆபீஸ் அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் போனேன், ஆத்தூரில் அந்த மனுஷன் விட்ட மாதிரி. "பையனுக்கு ஒரு கண்ணு தெரியாதுங்க" என்றேன். "பெத்தவ பயப்படத்தான் செய்வா சாமி. டாக்டர் பாத்துச் சரின்னு சொன்னாத்தான மேல ஏத்தப்போறோம்? பிளக்ஸெல்லாம் வெச்சாச்சு, சென்னைப் பையன் டிக்கெட் போட்டாச்சு" என்றார். அந்த நேரத்தில் அவருடைய மேசைக்கு முன்னால் கால்நடை டாக்டர் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் ஷெட்டில் ரெண்டு கோழிக்குக் கண்ணில் நுரை கட்டியிருக்கிறது என்று நாங்கள் காலையில் சொல்லியிருந்தோம், அதற்காக நாமக்கல்லில் இருந்து வந்திருந்தார். கோழிக்குக் கண் வீங்கினால் அன்றைக்கே டாக்டர் வருகிறார். உனக்குக் கண் வீங்கியபோது ஐஸ் வைத்து ரயில் ஏற்றினார்கள். நான் இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்து முட்டை பொறுக்கினேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சோம்பேறி என்று சொன்னால் என்றைக்காவது எழுந்துவிடலாம். பயந்தவன் என்றால் என்றைக்காவது துணிந்துவிடலாம். "கை இருந்தும் சாதிக்காதவன்" என்று பாய் உன்னைத் திட்டுகிறபோது அதற்குள் ஒரு வாசல் உனக்குத் திறந்தே இருக்கிறது. கண் தெரியாதவன் என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துபோகும், அந்த வாசலும் மூடிப்போகும். அதனால் ஊர் உன்னைத் திட்டட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாய். உன் இருபத்தாறு வயதுக்கு அந்த வீம்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்தாலும் அந்த வழக்கு முடியாது. ஜெயித்தால், "பாத்தீங்களா, அன்னைக்கே ஒழுங்கா இருந்திருந்தா?" என்று பாய் ஆரம்பிப்பார். "அவன் வயசாகி வந்தான், இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்று அண்ணன் ஆரம்பிப்பார். தோற்றாலும் அதே இரண்டு வாய், அதே டீ. அவர்களுக்கு உன் பதில் வேண்டாம், பேச்சுதான் வேண்டும். அடி பட்டு உன் வலது கண்ணும் போன பிறகு அந்தக் கடை பெஞ்சில் உனக்கு இடம் தள்ளி உட்காருவார்கள். டீ டம்ளரை உன் கையில் எடுத்து வைப்பார்கள். நல்லவர்கள்தான், நான் முன்பே சொன்னேன்.

கடைசியாக ஒன்று. நீ மேடை ஏறினால் நானும் அந்த மண்டபத்துக்கு வருவேன். முன்வரிசைக்கு விட மாட்டார்கள், இடது பக்கத்துக் கயிற்றுக்குக் கீழே வந்து நிற்பேன், உனக்குத் தெரியாத பக்கம். மணி அடிப்பதற்கு முன்னால் அங்கிருந்தே சத்தம் போட்டு, இதைப் படிக்காதவர்களுக்கும் சொல்வேன். உன் மானம் போகும் என்றால் போகட்டும். இதை மிரட்டல் என்று வைத்துக்கொள். ஆனால் அந்த வேலையை எனக்கு வைக்காதே. கந்தசாமி அண்ணனுக்கோ பாய்க்கோ முதலாளிக்கோ நீ ஒரு பதிலும் தர வேண்டியதில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தா. கொண்டப்பநாயக்கன்பட்டி அறையில் கூட இருக்கிற பையன்களை வெளியே அனுப்பிவிட்டு உட்கார். வலது கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்து. விரல் இடுக்கில் பார்க்காதே. இது அட்டையில் இருக்கிற எழுத்து இல்லை, உனக்கு முன்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லை, யாரும் இதை உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவில்லை. இடது கண்ணால் இந்த வரியைப் படித்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குச் சொல்.